ரெடிங்கிலிருந்து ஸ்டாஃபோர்டுக்கு: ஒரு பழைய ஜட்ஜைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள், ரெடிங்

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஊரின் கிழக்குப் பக்கமாகச் சும்மா நடந்தபோது ஒரு தெருப்பலகை கண்ணில் பட்டது. டால்ஃபோர்ட் அவென்யூ. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று மண்டையைக் குடைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். காப்பி குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. நான் ஜூனியராக இருந்த காலத்தில் சீனியர் ஆபீஸில் காப்பிரைட் சட்டம் பற்றி ஒரு தடிப் புத்தகம் இருக்கும், அதன் முதல் அத்தியாயத்தில் இவர் வருவார். சார்ஜென்ட் டால்ஃபோர்ட். முழுப்பெயர் தாமஸ் நூன் டால்ஃபோர்ட், வக்கீல், எம்.பி., கடைசியில் ஜட்ஜ்.

பொழுது போகாமல் கிடந்தவனுக்கு இது போதாதா. ஊருக்குத் திரும்புவதற்குள் இந்த மனுஷன் நடமாடிய இடங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். "அப்பா, எல்லாரும் லண்டன் ஐ பார்க்கப் போவாங்க, நீங்க செத்துப்போன ஜட்ஜைப் பார்க்கப் போறீங்களா?" என்றாள் மகள். முப்பது வருஷம் உயிரோடிருந்த ஜட்ஜுகளைப் பார்த்தாயிற்று, இவர் திட்டமாட்டார் என்றேன்.

எழுதும்போது படித்தல் என்று வருகிற எழுத்துகள்தான், ஆனால் ஊர்ப்பெயரை ரெடிங் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பஸ் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாது. இங்கேதான் அவர் வளர்ந்தார். பிறந்தது 1795 மே 26. அப்பா பீர் காய்ச்சும் தொழில், வசதியான குடும்பம். அம்மாவின் அப்பா இந்த ஊரில் அரசாங்கத் திருச்சபையில் சேராத ஒரு பிரிவினரின் போதகர், அவர் பெயர்தான் தாமஸ் நூன். நாம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற மாதிரிதான், என்ன, இவர்கள் இன்ஷியலையும் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மடாலய இடிபாடுகளைப் பார்க்கப் போனேன். 1121-ல் முதலாம் ஹென்றி கட்டிய மடம், இப்போது சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புமாகக் கரைந்த சுவர்கள்தான் மிச்சம். பக்கத்தில் ஆஸ்கார் வைல்ட் அடைபட்டிருந்த சிறை, அதுவும் மூடிக் கிடக்கிறது. மடத்தின் பழைய விருந்தினர் சத்திரத்தில்தான் அந்தக் காலத்து ரெடிங் பள்ளி நடந்தது, லாரன்ஸ் தேவாலயத்தை ஒட்டி அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. தலைமை ஆசிரியர் ரிச்சர்ட் வால்பி. பிரம்புக்குப் பேர்போனவர், ஆனால் பையன்களைக் கிரேக்க நாடகம் நடிக்க வைத்தவரும் அவரே. டால்ஃபோர்டுக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது இங்கேதான், கடைசிவரை அது தெளியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், நான் அவஸ்தைப்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

இரண்டாம் நாள், லண்டன் டெம்பிள்

ரெடிங்கிலிருந்து பேடிங்டனுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டெம்பிள் என்றால் கோவில் இல்லை, லண்டன் வக்கீல்களின் பேட்டை. ஃப்ளீட் தெருவில் ஒரு சின்ன வளைவுக்குள் நுழைந்தால் சத்தம் அப்படியே அறுந்துபோகிறது. உள்ளே கல் பாவிய முற்றங்கள், புல்வெளி, வாசலுக்கு வாசல் வக்கீல்களின் பெயரைக் கறுப்பில் வரிசையாக எழுதிய பலகை. நம் ஊர் பார் அசோசியேஷன் கட்டடத்தில் பெஞ்சுக்குச் சண்டை போட்ட எனக்கு இதைப் பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு கவுன் போட்ட இளைஞன் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாண்ட்விச்சைக் கடித்தபடி ஓடினான். அந்த ஓட்டம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

டால்ஃபோர்ட் 1813-ல் லண்டன் வந்து ஜோசப் சிட்டி என்ற வக்கீலிடம் தொழில் படித்தார். 1821-ல் மிடில் டெம்பிளில் வக்கீலாகப் பதிவு. ஆரம்பத்தில் வருமானம் போதாமல் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளியிருக்கிறார். ஜூனியர் வக்கீலின் பட்டினிக்கு நாடு கிடையாது.

நான் இங்கே தேடி வந்தது இன்னர் டெம்பிள் சந்து. அங்கே சார்லஸ் லாம் என்ற கட்டுரையாளர் அக்கா மேரியோடு குடியிருந்தார். நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்த லாம்தான், பகலில் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கணக்கு எழுதினவர், 33 வருஷம். சாயங்காலம் வீட்டில் நண்பர்கள் கூட்டம், சீட்டாட்டம், குடி, பேச்சு. இருபது வயது டால்ஃபோர்ட் 1815 வாக்கில் அந்தக் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருந்தது. 1796 செப்டம்பரில் மேரிக்குப் புத்தி பேதலித்து, சாப்பாட்டு மேஜைக் கத்தியால் பெற்ற தாயைக் குத்திக் கொன்றுவிட்டாள். அப்போது சார்லஸுக்கு வயது 21. அக்காவை ஆயுள் முழுக்கப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டுவிடாமல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்று, கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டார். மேரிக்கு நோய் மறுபடி வருவது முன்கூட்டியே தெரியுமாம், அப்போது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போவார்களாம்.

1834-ல் லாம் இறந்ததும் அவருடைய எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டால்ஃபோர்டிடம் வந்தது. 1837-ல் லாமின் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார். அந்தக் கொலை பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஏனென்றால் மேரி உயிரோடிருந்தார். 1847-ல் மேரி கண்ணை மூடிய பிறகுதான், அடுத்த வருஷம் வெளியிட்ட இரண்டாவது தொகுப்பில் முழுக்கதையையும் எழுதினார். பரபரப்பான சேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி நிம்மதியாகச் சாகட்டும் என்று பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார். கட்சிக்காரரின் ரகசியத்தை வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாத வக்கீல்கள் உண்டு, நான் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ஜாதி. அந்த வீட்டு மனிதர்களைப் பற்றி நினைத்துக்கொண்டு சந்தில் நெடுநேரம் நின்றேன், ஒரு காவலாளி வந்து வழி தெரியவில்லையா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் ரஸ்ஸல் சதுக்கம். அதன் 56-ஆம் எண் வீட்டில்தான் டால்ஃபோர்ட் குடும்பம் இருந்தது. விருந்து போடுவதில் மன்னன். 1836 மே 26, அதாவது அவருடைய 41-ஆவது பிறந்தநாள் அன்று, அவர் எழுதிய 'அயான்' என்ற சோக நாடகம் கோவென்ட் கார்டனில் அரங்கேறியது. மெக்ரெடி கதாநாயகன். பெரிய வெற்றி. அன்று ராத்திரி விருந்தில் கவிஞர்கள் கூட்டம், வேர்ட்ஸ்வொர்த் இருந்தார், லேண்டர் இருந்தார், 24 வயது ராபர்ட் பிரௌனிங்கும் இருந்தார். பகலெல்லாம் கோர்ட், ராத்திரி இதெல்லாம். எப்போது தூங்கினாரோ.

மூன்றாம் நாள், வெஸ்ட்மின்ஸ்டர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1833-ல் இவர் சார்ஜென்ட் ஆனார். சார்ஜென்ட் என்றால் போலீஸ் இல்லை, வக்கீல்களில் ஒரு பழைய உயர்ந்த வரிசை, தலையில் வெள்ளைத் துணி வட்டம் வைப்பார்கள், அந்தக் காலத்தில் அந்த வரிசையில் சேராமல் ஜட்ஜ் ஆக முடியாது. 1835-ல் சொந்த ஊர் ரெடிங்கிலிருந்து எம்.பி. அவர் போன நேரம் பார்லிமென்ட் கட்டடமே இல்லை. 1834 அக்டோபர் 16 ராத்திரி பழைய கட்டடம் எரிந்துபோயிருந்தது. ஒட்டுப்போட்ட தற்காலிக மண்டபத்தில்தான் சபை கூடியது. இப்போது டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிற கோபுரங்கள் எல்லாம் அப்புறம் வந்தவை. தீயில் தப்பியது வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், அதற்குள் நின்று மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிற மரக்கூரை. அந்த ஹாலை ஒட்டித்தான் அந்நாளைய பெரிய கோர்ட்டுகள் இருந்தன. கோர்ட்டிலிருந்து சபைக்கு நடந்தே போய்விடலாம். டால்ஃபோர்ட் அப்படித்தான் போய் வந்திருப்பார்.

எம்.பி.யாக அவர் இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, பெற்ற தாய்க்குப் பிள்ளை. அந்நாளைய இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளைகள் அப்பனுக்குச் சொந்தம், அவ்வளவுதான். பால்குடிக் குழந்தையாக இருந்தாலும் சரி. 1836-ல் கிரீன்ஹில் வழக்கு என்று ஒன்று, புருஷன் வேறொருத்தியோடு வாழ்கிறான், ஆனாலும் மூன்று சின்னப் பெண் குழந்தைகளையும் அவனிடமே ஒப்படைக்கச் சொல்லிற்று கோர்ட். அதே வருஷம் கரோலின் நார்ட்டன். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. புருஷன் ஜார்ஜ் நார்ட்டன், பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவோடு அவளைச் சேர்த்துப் பேசி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டான். ஜூரி எழுந்துகூடப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே வழக்கைத் தள்ளிவிட்டது. ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை, மூன்று பையன்களும் அவனிடம். கரோலின் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், டால்ஃபோர்ட் மசோதா கொண்டுவந்தார். 1838-ல் பிரபுக்கள் சபை தூக்கியெறிந்தது. 1839-ல் மறுபடி கொண்டுபோய் நிறைவேற்றினார். கெட்ட பேர் எடுக்காத தாய், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி கோர்ட்டைக் கேட்கலாம், பெரிய பிள்ளைகளைப் பார்க்கவாவது அனுமதி கேட்கலாம். இவ்வளவுதான். இன்றைக்குப் படித்தால் இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். குடும்பநல கோர்ட் வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும், 'பார்க்கவாவது' என்ற வார்த்தைக்கு என்ன கனம் என்று. கரோலினுக்கு அந்தச் சட்டமும் உதவவில்லை. புருஷன் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டான், இங்கிலாந்துச் சட்டம் அங்கே செல்லாது. கடைசிப் பையன் 1842-ல் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனான்.

இரண்டாவது, காப்பிரைட். அப்போதைய சட்டப்படி புத்தகம் வந்த நாளிலிருந்து 28 வருஷம், அல்லது எழுதினவரின் ஆயுள், எது அதிகமோ அது. வேர்ட்ஸ்வொர்த் மாதிரி கிழவயதில்தான் புத்தகம் விற்க ஆரம்பிக்கிறவருக்கு, அவர் செத்த மறுநாள் பிள்ளைகுட்டிக்கு ஒன்றும் கிடையாது. டால்ஃபோர்ட் 1837-ல் கேட்டது ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 வருஷம். அச்சுத் தொழிலாளிகள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள், வேலை போய்விடும் என்ற பயம். ஒவ்வொரு வருஷமும் கொண்டுவந்தார், ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று தடுத்தது. 1841 பிப்ரவரி 5 அன்று எழுந்து பேசி அதைக் கொன்றவர் யார் தெரியுமா? மெக்காலே. நம் ஊரில் யாரும் இன்றுவரை திட்டி முடிக்காத அதே மெக்காலே, கல்கத்தாவிலிருந்து திரும்பி எம்.பி.யாக உட்கார்ந்திருந்தார். வாசகன் மேல் போடுகிற வரி இது என்றார். எழுத்தாளனின் வாரிசு ஒரு பக்திமானாக இருந்து, தாத்தா எழுதிய நாவலே பாவம் என்று அச்சிட விடாமல் பூட்டிவைத்தால் என்ன செய்வீர்கள் என்றார். 45-க்கு 38. தோற்றது.

மெக்காலே சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரிலேயே வாரிசுகள் சண்டையில் மறுபதிப்பு வராமல் கிடக்கிற புத்தகங்கள் எத்தனை. பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை மாகாண அரசு வாங்கியதே, அதற்கப்புறம் நாட்டுடைமை என்று ஒரு வழக்கமே வந்ததே, வாரிசுக்கும் ஒரு தொகை, வாசகனுக்கும் புத்தகம். டால்ஃபோர்டும் மெக்காலேயும் இதைக் கேட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முகம் சுளித்திருப்பார்கள்.

அப்புறம் 1842-ல் ஒருவழியாகச் சட்டம் வந்தது. 42 வருஷம், அல்லது இறந்தபின் 7 வருஷம், எது அதிகமோ அது. வேடிக்கை என்னவென்றால் அப்போது டால்ஃபோர்ட் எம்.பி.யே இல்லை, மாஹன் பிரபு நிறைவேற்றினார். ஐந்து வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தவன் ஒருத்தன், தீர்ப்பு நாளன்று நின்றவன் இன்னொருத்தன். 1847-ல் இந்தியாவுக்கும் இதே கணக்கில் ஒரு சட்டம் போட்டார்கள். இப்போது நம் நாட்டில் எவ்வளவு? ஆயுள், அதற்கப்புறம் 60. 1992-ல் தாகூரின் புத்தகங்களுக்காகத் திருத்தியது. டால்ஃபோர்ட் கேட்ட அதே அறுபது. இதை வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது நினைத்துச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

நான்காம் நாள்

மழை. முட்டி வலி. வீட்டில்தான். மகள் ரசம் வைத்தாள்.

இணையத்தில் பழைய வழக்குகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1841-ல் ஷெல்லியின் ஒரு கவிதையை அச்சிட்டதற்காக மாக்ஸன் என்ற பதிப்பாளர் மேல் தெய்வநிந்தனை வழக்கு, டால்ஃபோர்ட்தான் அவருக்கு வக்கீல். அருமையாகப் பேசியிருக்கிறார், பேச்சைத் தனிப் புத்தகமாகவே போட்டார்கள். கேஸ் தோற்றது, ஆனால் தண்டனை கொடுக்கவில்லை. 1844-ல் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மேல் வழக்கு, அதிலும் இவர். இது ஜெயித்தது, எதிரிகள் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள், டிக்கன்ஸ் கைக்காசு 700 பவுன் போயிற்று. டிக்ரி வாங்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வது என்று என்னிடம் கேட்ட கட்சிக்காரர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். டிக்கன்ஸ் வக்கீலைக் கோபிக்கவில்லை. தன் 'பிக்விக்' நாவலை 1837-லேயே இவருக்குத்தான் காணிக்கையாக்கியிருந்தார், பின்னாளில் ஒரு நாவலில் வருகிற டிராடில்ஸ் என்ற நல்ல மனம் கொண்ட வக்கீல்கூட இவரைப் பார்த்து எழுதியதுதான் என்பார்கள்.

ஐந்தாம் நாள், ஸ்டாஃபோர்ட்

ரெடிங்கிலிருந்து நேரடி வண்டி, ஆக்ஸ்ஃபோர்ட், பேன்பரி, பர்மிங்ஹாம் வழியாக. மாப்பிள்ளை "மாமா, ஜன்னல் சீட்டா பார்த்துப் போட்டிருக்கேன், அங்க போய் பார்க்க ஒண்ணும் இல்லையே" என்றார். வழியெல்லாம் டால்ஃபோர்டின் தடம்தான். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்யூட் என்பார்கள், வருஷத்துக்கு இரண்டு தரம் ஜட்ஜுகளும் வக்கீல்களும் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்துவார்கள், பெர்க்‌ஷயரில் தொடங்கி ஸ்டாஃபோர்டுக்கும் அது போகும். வக்கீலாக வருஷக்கணக்கில் சுற்றிய அதே பாதையில், 1849-ல் காமன் பிளீஸ் கோர்ட் ஜட்ஜான பிறகு சர் பட்டத்தோடு அவர் போனார்.

ஸ்டாஃபோர்ட் அடக்கமான ஊர். கடைத்தெருவில் 1595-ல் மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஒரு நாலடுக்கு வீடு, கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு சாய்ந்தாற்போல நிற்கிறது. அந்தக் காலத்தில் செருப்புத் தொழில் ஊர். கரோலின் நார்ட்டனின் தாத்தா ஷெரிடன் 1780-லிருந்து 1806 வரை இந்த ஊருக்குத்தான் எம்.பி. ஸ்டாஃபோர்ட் சரக்கை உலகமே காலில் போட்டு மிதிக்கட்டும் என்று வாழ்த்துச் சொல்லிக் குடித்த மனுஷன்.

சந்தைச் சதுக்கத்தில் ஷையர் ஹால். 1798-ல் முடித்த கட்டடம், கல் முகப்பு, தூண்கள். கோர்ட் இப்போது அங்கே நடப்பதில்லை. எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தேன். ஒரு புறா வந்து தாளித்த கடலைப்பருப்பை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயிற்று.

1854 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. சிவப்பு அங்கியோடு பெஞ்சில் டால்ஃபோர்ட். எதிரே கிராண்ட் ஜூரி, எல்லாம் அந்த மாவட்டத்துப் பெரிய மனிதர்கள், நிலக்காரர்கள். வழக்குகளை ஆரம்பிக்கும் முன் ஜட்ஜ் அவர்களுக்கு நாட்டு நடப்பைச் சொல்லி ஒரு பேச்சுப் பேச வேண்டும், சடங்கு மாதிரி. வழக்குப் பட்டியல் கனமாக இருந்தது. வறுமையால் இல்லை, கூலி நன்றாகத்தான் கிடைக்கிறது, குடிதான் காரணம் என்றார். பீர் காய்ச்சிய வீட்டுப் பிள்ளை சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்புறம் அதோடு விடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திருப்பினார். மேல்வர்க்கம் தனக்குக் கீழே வேலை செய்கிறவனோடு கலப்பதில்லை, அவன் கஷ்ட நஷ்டம் தெரிந்துகொள்வதில்லை, ஒரு வர்க்கத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அனுதாபமே இல்லை, குற்றம் அங்கேதான் முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனவருக்குப் பேச்சு குழறியது. எழுதிவைத்திருந்த தாள்கள் மேலேயே தலை சாய்ந்தது. சில நிமிடங்களில் உயிர் போய்விட்டது. 58 வயது. டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் அந்த மாதமே அஞ்சலி எழுதினார்.

ஜட்ஜ்கள் பேசிக்கொண்டே தூங்கிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தின் பாதியில், அதுவும் பணக்காரர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனவரைக் கேள்விப்பட்டதில்லை.

மூன்றரை மணி வண்டி. உட்கார்ந்ததும் போனில் 'அயான்' நாடகத்தைத் தேடினேன். காப்பிரைட் என்றைக்கோ முடிந்துவிட்டதால் முழுக்க இலவசம், யாரும் பைசா கேட்கவில்லை. கிரேக்க ஊர், கொள்ளைநோய், அரசன், நீளநீளமான வசனம். ஒரு காலத்தில் கோவென்ட் கார்டன் எழுந்து நின்று கைதட்டிய நாடகம். முதல் அங்கம் முடியுமுன் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது வண்டி நின்றிருந்தது, பலகையில் பேசிங்ஸ்டோக். ரெடிங் போய் கால் மணி நேரமாகிவிட்டதாம். மகளுக்குப் போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"உன் ஜட்ஜ் என்னைத் தூங்க வெச்சுட்டார்மா" என்றேன்.